நாதியற்ற ஜாதி நாய்கள்

இளைப்பாறியோர் மேற்கொள்ளத்தக்க ஒரு தொண்டு

உத்தியோகத்தில் இருக்கும் காலத்தில் ஓய்வு எப்பொழுது வரும் என்று ஏங்குவதும், ஓய்வு வந்த பின்னர் பொழுது எப்பொழுது போகும் என்று ஏங்குவதும் மனித சுபாவம். தோட்டப்புறத்தில் வாழ்நாளைக் கழித்தவர்களுக்கோ இந்த ஏக்கம் சற்று அதிகம். காலையில் பிரட்டு, பகலெல்லாம் மலை, மாலையில் கொழுந்து நிறுவை என்று ஒரே தாளத்தில் ஓடிய உடம்பு, ஒருநாள் விடிந்ததும் போவதற்கு இடமின்றி இஸ்தோப்பில் உட்கார்ந்துவிடுகிறது. ஊழியர் சேமலாப நிதி கைக்கு வருகிறது. வந்த வழியே எப்படிப் போகிறது என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. பிள்ளைகள் கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ இருக்கிறார்கள். கையில் மிஞ்சுவது நேரம் ஒன்றுதான்.

அக்கரப்பத்தனைப் பகுதியில், டயகமவிலிருந்து ஹோல்புறூக் வரையில், இவ்வாறு நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் பலர். இளைப்பாறிய கணக்கப்பிள்ளைமார், ஆசிரியர்கள், தொழிற்சாலை உத்தியோகத்தர்கள், நாற்பது ஆண்டுகள் கூடை சுமந்த தாய்மார் என எத்தனையோ பேர். கோயில் திருப்பணி சிலரை இழுத்துக்கொள்கிறது. மரண உதவிச் சங்கம் சிலரை இழுத்துக்கொள்கிறது. இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க வேறொரு தொண்டைப் பற்றி இவ்வாரம் எழுத முற்பட்டோம். பெயரைக் கேட்டால் நேயர்களுக்குச் சிரிப்பு வரலாம். கைவிடப்பட்ட ஜாதி நாய்களை ஏற்று, தேற்றி, நல்ல இடம் பார்த்து ஒப்படைக்கும் தொண்டே அது.

"மனிதருக்கே வழியைக் காணோம், நாய்க்கா?" என்று ஒருவர் கேட்டால் அக்கேள்வி நியாயமானதே. ஒரே லயத்துக் காம்பராவில் மூன்று தலைமுறை முடங்கிக் கிடக்கும் ஊரில் அதைக் கேட்காமல் இருப்பதுதான் வியப்பு. ஆனால் இத்தொண்டு பணத்தைக் கேட்பதைவிட நேரத்தையும் பொறுமையையுமே அதிகம் கேட்கிறது. மேலும், நாதியற்றுத் திரியும் நாயினால் முதலில் இன்னலுறுவது லயத்துக் குழந்தையே. விசர்நாய்க்கடி ஏழை, பணக்காரர் பார்ப்பதில்லை என்பார்கள். உண்மையில் அது பார்க்கத்தான் செய்கிறது. மதிலும் கேற்றும் உள்ள வீட்டுக்குள் அது எளிதில் நுழைவதில்லை.

ஜாதி நாய் அநாதையாகும் விதம்

தெருநாயின் துன்பம் கண்ணெதிரே கிடப்பது. ஜாதி நாயின் துன்பம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பணம் கொடுத்து வாங்கப்பட்டது என்னும் காரணத்தால் அதற்கு எப்பொழுதும் ஒரு நாதி உண்டு என்று உலகம் எண்ணிக்கொள்கிறது. நடப்பது வேறு.

அல்சேஷன் என்றும் பொமரேனியன் என்றும் ரொட்வைலர் என்றும் காலத்துக்குக் காலம் ஒரு நாயினத்துக்கு மவுசு பிறக்கிறது. திரைப்படத்தில் ஒன்று வந்தால் போதும், அடுத்த மாதம் அதன் குட்டிக்கு விலை ஏறிவிடும். இரண்டு மாதக் குட்டியைக் கையில் ஏந்தும்போது அதைப்போல் அழகுப் பொருள் உலகத்தில் இல்லை. எட்டாம் மாதத்தில் அது செருப்பைக் கடிக்கிறது. பத்தாம் மாதத்தில் சங்கிலியைப் பிடித்தவரையே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அதற்கு ஒரு நாளைக்கு ஆகும் உணவுச் செலவு, வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவை எட்டுகிறது. நீண்ட மயிருள்ள ஜாதியானால் வாராமல் விட்ட இரண்டே வாரத்தில் சடை பிடித்து, உள்ளே தோல் புண்ணாகிவிடுகிறது. அந்நேரம் பார்த்து வீட்டுக்காரருக்கு இடமாற்றம் வரும். அல்லது வெளிநாட்டு விசா வரும். புதிய வீட்டில் நாய் வளர்க்க அனுமதி இராது. "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டுவார்கள். அந்த "யாராவது" என்பவர் யார் என்பதுதான் கேள்வி.

தெருநாய்க்குத் தெருவில் வாழத் தெரியும். எந்தக் கடையில் எப்பொழுது எலும்பு வீசப்படும், எந்த நாயின் எல்லைக்குள் காலை வைக்கக் கூடாது, பஸ் வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் பிறந்த நாள் முதல் கற்ற பாடங்கள். ஜாதி நாய்க்கு இவை ஒன்றும் தெரியாது. பூட்டிய கேற்றின் முன்னால் உட்கார்ந்திருக்க மட்டுமே தெரியும்.

குட்டி விற்பவர்களால் கழிக்கப்படும் நாய்கள் இன்னொரு வகை. ஆண்டுதோறும் ஈன்று ஈன்று உடல் தளர்ந்த பெட்டை, இனி ஈனாது என்றானதும் வீதிக்கு வருகிறது. ஜாதி இல்லாத நாட்டு நாயிலும் பெட்டைக் குட்டிக்குத்தான் இந்தக் கதி. கண் திறந்தும் திறவாத குட்டிகளைப் பெட்டியில் போட்டுச் சந்தையோரத்திலும் கோயில் வாசலிலும் விட்டுச் செல்வதை நம் ஊர்களில் காணாதவர் இலர். இந்த ஒரு விஷயத்தில் ஜாதிக்கும் ஜாதியின்மைக்கும் வேற்றுமை கிடையாது.

அக்கரப்பத்தனைப் பக்கம் இளைப்பாறிய பெரிய கணக்கப்பிள்ளை ஒருவர் கிழட்டு அல்சேஷன் நாயொன்றை வைத்திருக்கிறார். பங்களாவில் இருந்தவர்கள் மாறிப் போனபோது நின்றுவிட்ட நாய் அது. பின்னங்கால்கள் இரண்டும் தளர்ந்துவிட்டன. அல்சேஷன் ஜாதிக்கே உரிய இடுப்புக் கோளாறு. படியேறும்போது பெரியவர் ஒரு பழந்துண்டை அதன் வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்கிவிடுகிறார். "பெரியவரே, இந்த வயதில் உங்களுக்கு ஏன் இந்தச் சிரமம்?" என்று கேட்டோம். "என்னங்க ஐயா செய்ய? எனக்கும் முழங்கால் போச்சு, அதுக்கும் போச்சு. ரெண்டு பேரும் ஒண்ணா மெதுவா நடக்கிறோம். அவசரமா போறதுக்கு எங்களுக்கு என்ன வேலை இருக்கு?" என்றார். அவருக்கு எந்தச் சங்கமும் இல்லை. தாம் செய்வது ஒரு தொண்டு என்ற எண்ணமும் இல்லை.

அயல் நாடுகளில் நடப்பது

இத்தொண்டை ஓர் ஒழுங்கோடு செய்யத் தொடங்கியவர்களில் முதல்வரும் முதுமையை நெருங்கிய ஒரு பெண்மணியே. 1860ஆம் ஆண்டில் லண்டன் நகரின் ஹொலோவே பகுதியில் மேரி டீல்பி அம்மையார், வழிதவறிப் பட்டினி கிடக்கும் நாய்களுக்கென ஒரு தற்காலிக இல்லத்தைத் திறந்தார். அப்பொழுது அவருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. மனிதர் பட்டினி கிடக்கும் நகரத்தில் நாய்க்கு விடுதியா என்று லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை பரிகசித்தது. நாம் மேலே குறிப்பிட்ட கேள்வியேதான்! ஐந்து ஆண்டுகளில் அம்மையார் காலமானார். இல்லம் நிலைத்தது, 1871இல் பட்டர்சீ என்னும் இடத்துக்கு மாறியது, இன்றும் அப்பெயராலேயே உலகப் பிரசித்தி பெற்று விளங்குகிறது.

பின்னர் மேல்நாடுகளில் ஒவ்வொரு நாயினத்துக்கும் தனித்தனியே மீட்புக் குழுக்கள் தோன்றின. இது வீண் ஆடம்பரம் என்று தோன்றலாம், காரணம் இருக்கிறது. வேட்டைக்கு வளர்ந்த ஜாதியின் குணம் வேறு, காவலுக்கு வளர்ந்த ஜாதியின் குணம் வேறு. முயலைக் கண்டால் பாயும் நாயைக் கோழி வளர்ப்பவர் வீட்டில் கொடுக்கலாகாது. தனிமை பொறாத நாயைக் காலையில் போய் இரவில் திரும்பும் குடும்பத்தில் கொடுக்கலாகாது. அந்த ஜாதியோடு ஆண்டுக்கணக்கில் பழகியவர்களுக்கே இது தெரியும். இக்குழுக்களில் உழைப்போர் பலர் இளைப்பாறியவர்களே. ஒருவர் நாயைச் சில வாரம் தம் வீட்டில் வைத்து அதன் குணத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். ஒருவர் ஏற்க விரும்பும் வீட்டுக்குச் சென்று வேலி உயரமாக இருக்கிறதா என்று பார்க்கிறார். ஒருவர் தம் காரில் நாயை ஊர்விட்டு ஊர் கொண்டு சேர்க்கிறார். தொலைபேசியில் பதில் சொல்வதையே பணியாகக் கொண்டவர்களும் உளர்.

இவற்றுள் மிகவும் பொருத்தமானது கிரேஹவுண்ட் நாய்களின் கதை. ஓட்டப் பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் இந்த நாய், நான்கைந்து வயதுக்குள் பந்தயத்திலிருந்து விலக்கப்படுகிறது. அதன் ஆயுளோ பன்னிரண்டு ஆண்டுகள் வரை. எஞ்சிய காலத்துக்கு அதற்கு வீடு தேட பிரித்தானியாவில் 1975ஆம் ஆண்டு முதல் ஒரு நிதியம் இயங்கி வருகிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநில மக்கள் 2018இல் வாக்களித்து இப்பந்தயத்தையே ஒழித்தபோது, 2020 முடிவதற்குள் ஆயிரக்கணக்கான நாய்களுக்கு வீடு தேட வேண்டியதாயிற்று. காற்றாய்ப் பறந்த நாயாயிற்றே, வீட்டில் கட்டுக்கடங்குமா என்று அஞ்சினால், அது பகலில் பெரும் பொழுதைத் தூங்கியே கழிக்கிறதாம். இளைப்பாறிய மனிதருக்கு இளைப்பாறிய நாய் ஏற்ற துணை என்று கண்டுகொண்டவர் பலர்.

முன்னோர் ஊரின் நாயினங்கள்

நாயைப் போற்றுவது மேல்நாட்டாரிடம் கற்ற வித்தை என்று எவரும் எண்ண வேண்டாம். தருமபுத்திரர் தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்த கதையைக் கேட்டே நாம் வளர்ந்தோம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆநிரை காத்து மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அதிலே அவனருகில் நாயொன்று செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்து எசமானின் அருகே நின்ற செய்தியும் எழுதப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். மன்னர்களின் பெயரே மறைந்துபோகும் உலகில் ஒரு நாயின் பெயர் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கல்லில் நிலைத்திருக்கிறது.

மலையகத்து மக்களின் பாட்டன் பூட்டன்மார் புறப்பட்டு வந்த மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகள் நாயினங்களுக்குப் பேர்போனவை. தூய வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இராஜபாளையம். மெலிந்து நீண்டு அம்புபோல் பாயும் சிப்பிப்பாறை. கரிய மேனியும் பழுப்புக் கால்களும் உடைய கன்னி. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் கோம்பை ஊரின் பெயர் தாங்கிய செம்பழுப்பு நிறக் கோம்பை. இவை பாளையக்காரர்களின் வாசலைக் காத்தவை என்றும், முயல் வேட்டைக்குச் சென்றவை என்றும் அவ்வூர்களில் சொல்வார்கள். கன்னி நாயை விலைக்கு விற்பதில்லை, நன்றாக வளர்ப்பேன் என்று வாக்குக் கொடுத்தவருக்கே கொடுப்பது என்றொரு வழக்கமும் சொல்லப்படுகிறது. உலகத்து மீட்புக் குழுக்கள் இன்று பத்திரம் எழுதி வாங்கிச் செய்வதை நம்மவர் வாய்ச்சொல்லில் செய்திருக்கின்றனர்!

இந்த ஜாதிகள் பின்னர் அருகத் தொடங்கின. வெள்ளைக்காரர் தம் நாட்டு நாய்களோடு வந்தனர். அவர்களைப் பார்த்து நம்மவரும் அந்நாய்களையே கௌரவச் சின்னமாகக் கொண்டனர். ஜமீன்கள் மறைந்தன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வேட்டையைத் தடுத்தது. காட்டுக்கு அது பெரும் நன்மையே. ஆயினும் வேட்டைக்கென்று வளர்ந்த நாய்க்குத் தொழில் போயிற்று. மனிதரைப் போலவே தொழில் போன நாய்க்கும் மதிப்புப் போய்விடுகிறது.

இவற்றுக்காகப் பேச முன்வந்தவர்களில் ஒருவர், இளைப்பாறிய பின்னரே அவ்விஷயமாக ஒரு பெருநூலை எழுதி முடித்தவர் என்பது நம் தலைப்புக்கு மிகவும் இசைவானது. தியடோர் பாஸ்கரன் அவர்களை நேயர்கள் அறிந்திருக்கக்கூடும். 1940இல் தாராபுரத்தில் பிறந்தவர். தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல் அதிபராக இருந்து 1998இல் இளைப்பாறியவர். தமிழ்த் திரைப்பட வரலாற்றையும் காட்டுயிர்களையும் பற்றி எழுதிப் புகழ்பெற்ற அவர், 2017இல், தமது 77ஆம் வயதில், இந்திய நாய்களைப் பற்றிய ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். இந்தியாவுக்கே உரியவை எனத்தக்க 25 இனங்களை அது எடுத்துரைக்கிறது. ஓர் இனத்தைக் காப்பதென்றால் முதலில் அதற்கு ஒரு பெயரும் அடையாளமும் வேண்டும். எது எந்த இனம், எந்த ஊரில், எத்தகைய தோற்றம், எத்தகைய குணம் என்பதை யாராவது பொறுமையோடு எழுதி வைத்தாக வேண்டும். பேனா பிடித்துப் பழகிய கைக்கு ஏற்ற தொண்டு இது. நம் தோட்டங்களிலும் பேரேடு எழுதிப் பழகிய கைகளுக்குக் குறைவில்லை.

அவர் நூலுக்கு முன்னரே, 2005ஆம் ஆண்டில், இந்திய அஞ்சல் துறை நான்கு சுதேச நாய்களுக்கு முத்திரை வெளியிட்டது. அவற்றுள் இராஜபாளையமும் ஒன்று. கர்நாடகத்து முதோல் நாய்களை இந்திய இராணுவம் 2016இல் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இந்தியப் பிரதமர் தமது வானொலி உரையில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் புகழ்ந்து, நாய் வளர்க்க விரும்புவோர் இவற்றை வளர்க்கலாமே என்றார்.

நல்ல செய்திதான். ஆனால் இங்கே ஒரு பயம் எழுகிறது. அல்சேஷனுக்கு வந்த மவுசு இராஜபாளையத்துக்கும் வந்தால் அதே கதிதானே அதற்கும்? இராஜபாளையக் குட்டிகளிற் சில பிறவியிலேயே செவிடாகப் பிறக்கின்றன. மேனியின் வெண்மையோடு ஒட்டிவரும் குறை அது. குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். விற்பவர் இதைச் சொல்லமாட்டார். வாங்கியவர் ஆறு மாதம் கழித்து, "கூப்பிட்டால் வராத முரட்டு நாய்" என்று அவிழ்த்துவிடுவார். இனத்தைப் புகழ்ந்து நாயைக் கைவிடுவதில் என்ன பயன்?

பேக்கர் துரையின் அநுபவம்

"அப்படியானால் நம் முன்னோர் ஊர் நாயை நாமும் இங்கே கொண்டுவந்து வளர்ப்போம்" என்று அக்கரப்பத்தனையில் ஓர் உற்சாகி கிளம்பக்கூடும். வேண்டாம் என்பதே நம் கருத்து. கரிசல் காட்டு வெய்யிலில் வளர்ந்த குறுமயிர் நாய்க்கு, ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்துக் குளிரும் மாதக்கணக்கான மழையும் தண்டனையாகும்.

இந்தப் பாடத்தை நுவரெலியாவில் ஒருவர் ஏற்கனவே படித்துவிட்டார். 1840களின் இறுதியில் அங்கே குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், மரை வேட்டைக்காக இங்கிலாந்திலிருந்து உயர்ந்த ஜாதி நரிவேட்டை நாய்களை வரவழைத்தார். ஆனால் அந்தத் தூய ஜாதி இந்த மலைக்கு ஒத்துவரவில்லை. கலப்பு நாய்களே இங்கே நின்று பிடித்தன. சிறுத்தைகள் வேறு வேட்டை நாய்களைக் கவர்ந்து சென்றன. இவற்றையெல்லாம் 1854இல் அச்சான தமது வேட்டை நூலில் அவர் எழுதியிருக்கிறார். வேட்டைப் பிரியரான அவரை நாம் மெச்சவில்லை. அவர் மரைகளுக்கு இழைத்த கேடு சொல்லி முடியாது. இருந்தும் இந்த மலையைப் பற்றி அவருக்குப் புலப்பட்ட உண்மை உண்மைதான்: இங்கே வாழத் தகுந்தது இங்கே பிறந்து வளர்ந்த கலப்பு நாயே. லயத்து வாசலில் சுருண்டு படுத்திருக்கும் அந்தச் செம்பட்டை நாய்தான் அக்கரப்பத்தனையின் ஜாதி நாய்.

ஆகவே நம்மூரில் இனமீட்பு என்பது புதிய நாயை விலைக்கு வாங்குவதாக இருத்தல் ஆகாது. ஏற்கனவே வாங்கப்பட்டுக் கைவிடப்பட்டவற்றுக்கு வீடு தேடுவதும், லயத்து நாய்களின் பெருக்கத்தை மட்டுப்படுத்துவதுமே நாம் செய்யத்தக்கவை.

எங்கே தொடங்குவது?

முதலில் ஊசி. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் விசர்நாய்க்கடியால் 377 பேர் மாண்டனர். நாய்களுக்கு ஊசி போடும் இயக்கத்தின் பயனாக அத்தொகை இன்று ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. குறைந்ததே ஒழிய, ஒழிந்துவிடவில்லை. அரசாங்கம் விசர்நாய்த் தடுப்பூசியை இலவசமாகப் போடுகிறது. ஆனால் ஊசி போட ஆட்கள் வரும் நேரத்தில் தோட்டத்தில் எல்லோரும் மலையில் இருப்பார்கள். நாயைப் பிடித்து நிறுத்த வீட்டில் ஆள் இராது. அந்த ஒரு நாளில் பத்து வீட்டு நாய்களைச் சேர்த்து நிறுத்தக்கூடியவர் யார்? பகலில் வீட்டிலிருக்கும் பெரியவர்தான். இதற்கு ஒரு சதம் செலவில்லை.

அடுத்தது கருத்தடைச் சத்திரசிகிச்சை. 2006ஆம் ஆண்டிலிருந்து தெருநாய்களைக் கொன்று ஒழிப்பதில்லை என்பது அரசாங்கக் கொள்கை. கொல்லாமல் குறைப்பதானால் இதுவே வழி. மிருக வைத்தியர் சிகிச்சை செய்துவிடுவார். அதன் பின்னர் ஒரு வாரமேனும் நாயை நனையாமல், தையலை நக்காமல் பார்த்துக்கொள்வது பெரும் பாடு. மழை ஓயாத அக்கரப்பத்தனையில் உலர்ந்த ஓர் இடமும், அருகிலிருந்து கவனிக்கும் ஒரு மனிதரும் அதற்கு வேண்டும். இஸ்தோப்பின் ஒரு மூலையும் ஒரு பழைய சாக்கும் போதும்.

நாய்களைப் பதிவு செய்ய வேண்டும் என்னும் சட்டம் இந்நாட்டில் 1901ஆம் ஆண்டிலிருந்தே உண்டு. 2018 முதல் அக்கரப்பத்தனைக்குத் தனிப் பிரதேச சபையும் இருக்கிறது. எத்தனை பேர் பதிகிறார்கள் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த நாம் விரும்பவில்லை.

கைவிடப்பட்ட நாயொன்றை வீட்டில் ஏற்பவர் முதல் இரண்டு வாரங்கள் அதை மற்ற நாய்களிலிருந்து விலக்கி வைத்தல் வேண்டும். பார்வோ போன்ற கொடிய தொற்றுகள் வெளிப்படச் சில நாட்கள் ஆகும். முதல் மூன்று நாள் அது உண்ணாமல் இருக்கலாம். அஞ்ச வேண்டியதில்லை, தண்ணீர் குடிக்கிறதா என்று பார்த்தால் போதும். கட்டாயப்படுத்தித் தடவுவதும், முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவதும் கூடாது. அது தானே வந்து பக்கத்தில் படுக்கும் வரையில் காத்திருக்க வேண்டும். சோறும் ரொட்டித் துண்டும் கொடுக்கலாம். வெங்காயம் நாய்க்கு நஞ்சு. ஆகவே மீந்த குழம்பை ஊற்றிப் பிசைதல் ஆகாது. சமைத்த கோழியெலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். கடித்துவிட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் காயத்தைக் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். பீலித் தண்ணீர் இதற்கு நல்ல வசதி. மஞ்சளை அப்பிவிட்டுச் சும்மா இருப்பது உயிருக்கு ஆபத்து. கடித்த நாயைக் கொன்றுவிடாமல் 14 நாட்கள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும்.

இரவில் நாய் எங்கே படுக்கிறது என்பது இந்த மலைக்கே உரிய கேள்வி. தேயிலைத் தோட்டங்களில் நடமாடும் சிறுத்தைக்கு நாய் எளிதில் கிடைக்கும் இரை. வாசலில் சங்கிலியில் கட்டப்பட்ட நாய், காவலாக நிற்கிறது என்று நாம் எண்ணுகிறோம்; சிறுத்தைக்கோ அது இலையில் பரிமாறிய சோறு. அப்படிப் பழகிய சிறுத்தை மறுபடியும் லயத்தை நாடி வரும். பின்னர் மக்களுக்கு அச்சம், சிறுத்தைக்குச் சாவு. பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியிலும் அது சிக்கி மடிகிறது. 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்து லக்ஷபான தோட்டத்தில் கண்ணியில் சிக்கிய அபூர்வமான கருஞ்சிறுத்தை, சிகிச்சை பலனின்றி இறந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாயை இரவில் கதவுக்கு உள்ளே படுக்க வைத்தால் நாயும் பிழைக்கும். சிறுத்தையும் தன் வழியே போகும். விறகுக் கொட்டிலுக்கு ஒரு கதவு போட்டாலும் ஆயிற்று.

பெரிய ஜாதி நாயை வயதானவர் ஏற்பதில் ஓர் அபாயம் உண்டு. ஈரமான மலைப் படிக்கட்டில் அது ஓர் இழுப்பு இழுத்தால், எழுபது வயதுக்காரரின் இடுப்பெலும்பு முறியும். ஆகையால் குட்டியைவிட வயது சென்ற நாயே பெரியவர்களுக்கு ஏற்றது. கிழட்டு நாயை எவரும் கேட்டு வருவதில்லை. அதற்கு வேண்டுவதோ வெதுவெதுப்பான ஒரு மூலையும் இரண்டு வேளைச் சாப்பாடும்தான்.

"எனக்குப் பின் இது யாரிடம் போகும்?" என்ற கேள்வியே பெரியவர்கள் பலரைத் தயங்க வைக்கிறது. தயங்குவது சரியே. அத்தகையோர் நாயை நிரந்தரமாக ஏற்காமல், வேறு வீடு கிடைக்கும் வரை சில வாரம் வைத்துப் பராமரிக்கலாம். பழகிய நாய் பிறர் வண்டியில் ஏறித் திரும்பிப் பார்க்கும்போது மனம் படும் பாட்டைத் தாங்குவதே இதில் கடினமான பகுதி என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். நிரந்தரமாக ஏற்பவர் ஒரு தாளில் நாயின் பெயர், அதன் வயது, கடைசியாக ஊசி போட்ட தேதி, சாப்பிடும் உணவு, எதற்கு அஞ்சும், தமக்கு ஏதும் நேர்ந்தால் அதை ஏற்பதாக ஒப்புக்கொண்டவர் யார் என்பனவற்றை எழுதி, காம்பராக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்தல் நலம். ஒப்புக்கொண்டவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். எழுத்து வாசிக்க இலகுவாகப் பெரிதாக இருக்கட்டும்.